நாற்பது முழம்

லிஃப்ட் மெக்கானிக் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்தில். அப்போது அவர் தம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஓடாமல் நின்றுபோன லிஃப்டின் கதவருகே, கையில் ஸ்பேனருடன் நின்றுகொண்டிருந்தார். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிந்தவருக்குக் கை எட்டவில்லை. மறுபடி குனிந்தார், மறுபடியும் எட்டவில்லை. பிறகுதான், தம் செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நிதானமாகக் கடந்து போவதைக் கண்டார். கீழ்த்தளத்திலேயே கடை வைத்திருந்த தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, பதினெட்டு அங்குலம், அதாவது ஒரு முழம், என்று துணி அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த வாரம் சிமெண்ட் விலையும் கூடியிருந்தது.

அதே பத்து மணி பன்னிரண்டு நிமிடத்தில், இரண்டு தெரு தள்ளியிருந்த வங்கியின் மூன்றாம் தளத்தில், மெக்கானிக் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்த ஒரு தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. இன்னின்ன ஆட்களோடும் கம்பெனிகளோடும் கப்பல்களோடும் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாடுகள் சேர்ந்து தடைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. வங்கிக்குள் வருகிற, வங்கியிலிருந்து போகிற ஒவ்வொரு பெயரையும் அந்தப் பட்டியல்களோடு ஒட்டிப் பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்வதற்காக, இணையம் வழியாக இயங்கும் சோதனைக் கருவி ஒன்றை வங்கி அந்த ஆண்டுதான் வாங்கியிருந்தது. கருவியின் முழுப் பெயர் நீளமானது. ஊழியர்கள் அதைச் சல்லடை என்றார்கள். அறுபது வரை பொருந்தினால் சல்லடை விட்டுவிடும். அதற்கு மேல் போனால் பிடித்துக்கொள்ளும். ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் ஆயுதம் ஏற்றிய கப்பல்களுக்குச் சொந்தக்காரர் என்று பட்டியலில் இருந்த ஒருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் மெக்கானிக்கின் பெயரோடும் பிறந்த ஆண்டோடும் அப்படியே ஒத்துப்போயின. சல்லடை அறுபத்தொன்று என்றது. அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் இதுவும் எங்கேயாவது பிடிபட்டு நிற்கும்.

மெக்கானிக் பணம் அனுப்ப நினைத்தது அந்த லிஃப்டுக்காகத்தான். லிஃப்டின் மூளை போன்ற கன்ட்ரோல் போர்டு புகைந்து போயிருந்தது. அதைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகத்தில் மிச்சமிருந்த ஒரே போர்டு கடல் தாண்டிய ஒரு வியாபாரியிடம் இருந்தது. குடியிருப்போர் சங்கம் கூடி, தேநீர் குடித்து, ஆவன செய்யும்படி மெக்கானிக்கையே கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளாவிட்டாலும் அவர் செய்திருப்பார். அவருடைய வீடு ஆறாம் மாடியில். அவருடைய மனைவி, அச்சகங்களுக்காக வீட்டிலிருந்தே பிழை திருத்துபவர், இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் லிஃப்ட் நின்றது. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த பயிற்சி நிலையத்தில் இரட்டைக் கம்பி பிடித்து நடந்தும், அங்கே இருந்த இயந்திரத்தில் காலை மடக்கியும் தொண்ணூறு நாளைக்குள் பழகிவிட வேண்டும், தவறினால் முழங்கால் நீட்டியபடியே இறுகிப்போகும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான்கு பேர் சேர்ந்து மனைவியை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, அந்த அம்மாள் படிக்கட்டுக் குழியின் மேல் ஒரு மூச்சு நேரம் தொங்கினார். எப்படியோ பிடித்து மறுபடி மேலே கொண்டுவந்து விட்டார்கள். விட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் கணவரைப் பார்த்து, "இனிமே என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்க வேணாம். லிஃப்ட் என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு இறங்குறேன். அதுவரைக்கும் நீங்களாச்சு, உங்க லிஃப்டாச்சு" என்றார். அன்று முதல், அறுவை சிகிச்சைக்குப் பின் போன நாட்களையும் சேர்த்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், அச்சுத் தாளில் பிழையை அடிக்கிற அதே சிவப்புப் பேனாவால் தினமும் ஒரு நாளை அடித்துவந்தார்.

வங்கியில் சல்லடை மேசையைப் பார்த்துக்கொண்டவர் நல்ல பெண்மணி. கெட்டிக்காரியும்கூட. பிடிபட்ட பெயர் உண்மையிலேயே பட்டியலில் உள்ள ஆள்தானா, அல்லது பெயர் மட்டும் ஒன்றா என்று ஆராய்ந்து எழுதுவது அவர் வேலை. அவர் எழுதியதை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி; ஒரு கண் தவறினாலும் மறு கண் தவறாது என்பது அதன் கருத்து. அந்த இன்னொருவருக்கு வங்கியில் இரண்டாம் கண் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபது ஆண்டுகளாக அவர் எந்தத் தாள் வந்தாலும் "பார்த்தாச்சு" என்று சொல்லிக் கையெழுத்திடுவார். தலையை நிமிர்த்துவதற்குள் கையெழுத்து விழுந்திருக்கும்.

சல்லடை மேசைப் பெண் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வந்தார். படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி, தண்ணீரில் படகைத் தள்ளுகிறவர்போல் தம்மைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் உயரத்தில் வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்கார முடியாததால் மேசைக்கு எதிரே மிதந்தபடியே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் உண்டாயிற்று. இந்த மனிதர் ஆயுதக் கப்பல்காரர் அல்ல என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டிவிட வேண்டும் என்று, கேட்டதற்கு மேலேயே தகவல் திரட்டினார். முகப் புகைப்படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொழில், வலது கட்டைவிரலில் இரும்புக் கயிறு அறுத்த தழும்பு, மனைவியின் பெயர், மூக்குக் கண்ணாடியின் எண் எல்லாவற்றையும் திரையில் 'கூடுதல் தகவல்' என்றிருந்த கட்டத்தில் ஏற்றினார். இரண்டாம் கண்ணிடம் அனுப்பினார். "பார்த்தாச்சு" என்றார் அவர்.

கருவியை விற்ற கம்பெனி அதற்கு முந்தின வாரம்தான் திரையைத் திருத்தி அமைத்திருந்தது. இடப்புறம் இருந்தவை வலப்புறம் போயின. வாடிக்கையாளரைப் பற்றிய கட்டம் கீழே இறங்கி, அது இருந்த இடத்தில் பட்டியலில் உள்ள ஆளைப் பற்றிய கட்டம் வந்து உட்கார்ந்தது. இதைத் தெரிவிக்கும் சுற்றறிக்கை பதினோரு பக்கம். அந்தப் பெண்ணும் இரண்டாம் கண்ணும் 'படித்து அறிந்தேன்' என்று அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆகவே மெக்கானிக்கின் முகமும் தழும்பும் முகவரியும் மனைவியும் ஆயுதக் கப்பல்காரருடையவையாகப் பட்டியலில் ஏறின. மறுநாள் காலை பத்து மணிச் சோதனையில் சல்லடை ஒப்பிட்டுப் பார்த்தது. ஐயத்துக்கு இடமில்லை. நூற்றுக்கு நூறு.

மெக்கானிக் அப்போது தம் கட்டடத்தின் முன்னால் தெருவோரத்தில் இருந்தார். விழுக்காட்டுக்கு ஒரு முழம் வீதம் அவர் உயர்ந்தார். முதல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்கு வணக்கம் சொன்னார். நான்காம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் மணி கேட்டார். நாற்பதாவது முழத்தில் நின்றபோது அவர் பாதம் ஆறாம் மாடியில் தம் வீட்டு ஜன்னல் கட்டைக்குச் சரியாக இருந்தது. உள்ளே மேசையில் பிழை திருத்திக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினார்.

"ஏங்க, வாசல் அந்தப் பக்கம்."

"தெரியும். ஜன்னல் கம்பியைக் கழட்டணும். ஸ்க்ரூ டிரைவர் எங்க வச்சே?"

"வச்ச இடத்துல வச்சிருந்தா இருக்கும். சாப்பிட்டீங்களா இல்லையா?"

கம்பியைக் கழற்றி அவர் உள்ளே வந்தார். வீட்டுத் தரை ஜன்னல் கட்டைக்கு இரண்டு முழம் கீழே இருந்ததால் வீட்டுக்குள்ளும் அவர் கால் எங்கும் படவில்லை. கூரையைத் தொட்டுக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனார். எட்டு வருட ஒட்டடை ஒரே வாரத்தில் போயிற்று. கட்டிலுக்கு மேலே போர்வையோடு உறங்கினார். நூற்றுக்கு நூறு பொருந்தினால் அவருடைய கணக்கு முழுவதையும் முடக்கி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. முடக்கினார்கள், தெரிவித்தார்கள். விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்று அறிந்து, தெருவில் நின்றபடி மேலே பார்த்து அவரைக் கீழே வரச் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்து, 'அழைத்தும் இறங்கி வரவில்லை' என்று எழுதிக்கொண்டு, தையற்காரரிடம் ஒரு பித்தான் தைத்துக்கொண்டு போனார்கள். மறுபடி வரவில்லை.

ஆறு வாரங்கள் இப்படிப் போயின. காலண்டரில் எழுபத்து மூன்று நாட்கள் சிவப்பாகியிருந்தன. அந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்து பார்த்தார். மடங்க வேண்டிய கால் மடங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு நூல் குறைவாகவே மடங்கிற்று. மாலையில் கணவர் அவருடைய காலைத் தாங்கிப் பிடித்து மடக்கப் பார்ப்பார். மிதக்கிறவர் என்பதால் அழுத்தம் கொடுக்க முடியாமல் அவரே பின்னால் நகர்ந்துவிடுவார்.

எழுபத்து மூன்றாம் நாள்தான், வேறொரு வாடிக்கையாளரின் விவரத்தை ஏற்றும்போது, சல்லடை மேசைப் பெண் கட்டங்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டார். பழைய தாளைத் திறந்து பார்த்தார். கட்டைவிரல் தழும்பு எதிராளியின் கட்டத்தில் இருந்தது. எழுந்து இரண்டாம் கண்ணிடம் போய்ச் சொன்னார். அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்கும் எனக்கும், சார்."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். பேசாம இரும்மா. நான் ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு. உனக்குப் பதவி உயர்வு இந்த வருஷம். எழுதினா ரெண்டு பேருக்கும் கல்தா."

"அவரு ஆறு வாரமா காத்துல நிக்கிறாரு, சார்."

"நின்னா நிக்கட்டும். வாடகையா கேட்கிறோம்?"

ஏற்றிய தகவலை அழித்துவிடலாம் என்றால் சல்லடைக்கு அழிக்கத் தெரியாது. சேர்க்க மட்டுமே தெரியும். அழிக்கப் பட்டியல் வெளியிட்ட அலுவலகத்தின் எழுத்து ஆணை வேண்டும். அந்தப் பெண் அன்றே அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தவறு தம்முடையது என்று முதல் வரியிலேயே எழுதினார். ஒரு நகலை வங்கித் தலைமையகத்துக்கு அனுப்பினார். கடிதம் வரிசையில் சேர்க்கப்பட்டது, முறை வரும்போது பார்க்கப்படும் என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது. வரிசையில் எத்தனையாவது என்பதை அது சொல்லவில்லை. பிறகு அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து, ஆறு மாடி ஏறினார்.

கதவைத் திறந்த அம்மாள் கைத்தடியில் சாய்ந்து நின்றார். வந்தவர் யார் என்று கேட்டறிந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மெக்கானிக் கூரையோரம் மிதந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஆக, என் புருஷனைக் காப்பாத்தறேன்னு எழுதி எழுதியே அவரை ஆயுதக் கடத்தல்காரரா ஆக்கிட்டே" என்றார் அம்மாள்.

"ஆமா, அக்கா."

"கண்ணாடி நம்பர்கூட விடலை."

"விடலை, அக்கா."

"நான் முப்பது வருஷமா பிழை திருத்தறேன். இவ்வளவு அக்கறையா ஒரு பிழையை யாரும் பண்ணி நான் பார்த்ததில்லை." சொல்லிவிட்டு அம்மாள் காலண்டரைப் பார்த்தார். "இன்னும் பதினேழு நாள் இருக்கு எனக்கு. அதுக்கப்புறம் அந்தக் கடிதாசு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான்."

அந்தப் பெண் அழவில்லை. அழுதால் ஆறு மாடி ஏறி வந்து ஆறுதல் கேட்டதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். பட்டியலில் அந்த ஆளைப் பற்றி முதலிலிருந்தே என்னதான் எழுதியிருந்தது என்று அம்மாள் கேட்டார். கைப்பேசியில் இருந்ததை அந்தப் பெண் காட்டினார். அம்மாள் தொழில் வழக்கப்படி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்று வரிதான். பெயர். பிறந்த ஆண்டு. இடது கால் நொண்டி நடப்பவர்.

"இவருக்கு நொண்டல் இல்லையே" என்றார்.

"அது செல்லாது, அக்கா. கால் சரியாகி இருக்கலாம், நடிக்கலாம்னு சல்லடை ஒத்துக்காது. நொண்டலைன்னு எழுதி ஏற்கெனவே ஒருத்தருக்குத் தள்ளுபடி ஆயிருக்கு."

"நொண்டறதுக்கு முதல்ல நடக்கணும் இல்லியா?"

"நடக்கணும்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூரையைக் காட்டினார். "இவரு எங்க நடக்கிறாரு?"

மெக்கானிக் மேலேயிருந்து, "எனக்குச் செருப்புத் தேயறதே நின்னு போச்சும்மா" என்றார்.

நடக்கவே நடக்காத ஒருவர் நொண்டி நடக்கும் ஒருவராக இருக்க முடியாது. இதைச் சல்லடை ஏற்கும் என்பது அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கிற்று. கருவிக்கு நியாயம் தெரியாவிட்டாலும் தர்க்கம் தெரியும். ஆனால் விதிப்படி இரண்டாம் கண் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மறுநாள் விடிந்ததும் அவரை அழைத்து வந்தார். ஆறு மாடி ஏறி மூச்சு வாங்கி நின்ற இரண்டாம் கண், வழக்கப்படி, மேலே பார்ப்பதற்கு முன்பே "பார்த்தாச்சு" என்றார்.

"எங்க சார் பார்த்தீங்க?" என்று கேட்டார் மெக்கானிக். கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே போய், தெருவுக்கு நாற்பது முழம் மேலே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழிருந்து தையற்காரர் டேப்பை ஆட்டி, "அளவு சரியா இருக்கு அண்ணே!" என்று கத்தினார். இரண்டாம் கண் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கின் செருப்பைப் பார்த்தார், செருப்புக்குக் கீழே இருந்த காற்றைப் பார்த்தார், காற்றுக்குக் கீழே இருந்த தெருவைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது ஆண்டுகளில் தாம் பார்க்காமல் கையெழுத்திட்டவை எத்தனை என்று அவர் கணக்குப் போட்டிருக்கக் கூடும். எழுந்ததும் பேனாவை வாங்கி, முழுவதையும் படித்து, மெதுவாகக் கையெழுத்திட்டார்.

எழுபத்து நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, கட்டத்தின் தலைப்பை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, சல்லடை மேசைப் பெண் எழுதினார்: 'வாடிக்கையாளர் நடப்பதில்லை. அவர் பாதம் தரையில் படுவதில்லை. நேரில் கண்டோம்.' ஆறாம் மாடியில் மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே தயாராக நின்றார். ஒரேயடியாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முதல்நாளே எல்லாரும் பேசி, பதில் கிடைக்காததால் விட்டிருந்தார்கள். சல்லடை அவசரப்படவில்லை. அதற்கு இப்படி ஒரு பதில் புதிது. தொண்ணூற்றொன்பது என்றது. மெக்கானிக் ஒரு முழம் இறங்கினார்.

ஜன்னல் கட்டையில் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து அவர் கையை நீட்டினார். "வர்றியா?"

"பிடிச்சுக்குவீங்களா?"

"லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?"

"மூணாவது மாடித் திருப்பத்துல சாயக் கூடாது, சொல்லிட்டேன்."

அம்மாள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கட்டையிலிருந்து நழுவினார். அவருடைய எடையால் இறக்கத்தின் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. ஐந்தாம் மாடியில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான்காம் மாடியில் பல் துலக்குகிறவர் ஜன்னலை விட்டு விலகி வழிவிட்டார். மூன்றாம் மாடியில் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார், ஒன்றும் சாயவில்லை, திறந்தார். பதினொரு நிமிடத்தில் அறுபதுக்கு வந்து, தெருவில் இறங்கினார்கள். மெக்கானிக்கின் கால் ஆறு வாரத்துக்குப் பிறகு தரையில் பட்டு, மரத்துப்போய், சற்றே தள்ளாடியது. மனைவி அவரைத் தாங்க, அவர் மனைவியைத் தாங்க, இருவரும் தெருவைக் கடந்து பயிற்சி நிலையத்துக்குள் போனார்கள். அங்கே இருந்த பெண் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றார்.

வங்கியில் மெக்கானிக்கின் தொகை மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு, இரண்டாம் கண் மூன்று முறை படித்த பிறகு, விடுவிக்கப்பட்டது. நான்கு மணிக்குச் சல்லடை தன் வழக்கப்படி நாளின் இரண்டாவது சோதனையைத் தொடங்கி, காலையில் எழுதியது இப்போதும் உண்மையா என்று கேட்டது. அந்தப் பெண்ணின் கை நின்றது. மெக்கானிக் இப்போது நடக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பயிற்சி நிலையத்திலிருந்து அவரே தொலைபேசியில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார்.

"ஆமாம்னு போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா" என்றார் இரண்டாம் கண், முன்புபோல் அலட்சியமாக இல்லாமல், கெஞ்சுகிற குரலில். "அந்த மனுஷன் கீழேயே இருக்கட்டும்."

"ஒரு தடவை தெரியாம தப்பா எழுதினேன், சார். இப்ப தெரிஞ்சே எழுதணுமா?"

அந்தப் பெண் மெக்கானிக்கின் கைப்பேசி எண்ணை அழைத்து, பயந்துகொண்டே நிலைமையைச் சொன்னார். உண்மையை எழுதினால் அவர் மறுபடி மேலே போய்விடுவார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். எடுத்தவர் மனைவி. பயிற்சி முடிந்து, தையற்காரர் கடை வாசலில் கால் வலியோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுல கேட்கிறதுக்கு என்ன இருக்கு? அரை மணியா இங்க உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்துக்கிட்டிருக்கேன். ஆறு மாடியும் நான் ஏறிப் போகணுமா? நடக்கிறாருன்னு எழுதும்மா. சீக்கிரம் எழுது, உலையில அரிசி போடணும்."

அந்தப் பெண் எழுதினார். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று சல்லடை ஏறத் தொடங்கிற்று. மெக்கானிக் மனைவியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் காற்றில் இருந்தார், ஆகவே நடக்கவில்லை, ஆகவே இறங்கினார். இறங்கியதும் நடந்தார், ஆகவே நான்கு மணிக்கு ஏறினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவர் கணக்கு காலை பத்து முதல் மாலை நான்கு வரை மட்டும் திறந்திருந்தது. வங்கியும் அப்படித்தான் என்பதால் அதில் யாருக்கும் குறையில்லை. கீழே நின்று செய்யும் வேலைகளை அவர் பகலிலும், மேல்மாடிகளில் ஏணி கேட்கும் வேலைகளை மாலையிலும் ஒப்புக்கொண்டார். தொண்ணூறாம் நாள் அம்மாள் கைத்தடியோடு தெருவைத் தனியாகக் கடந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கைத்தடியைப் பயிற்சி நிலையத்துக்கே கொடுத்துவிட்டார். தலைமையகம் அந்தப் பெண்ணின் பதவி உயர்வை நிறுத்தியது. மேசையை விட்டு மாற்றவும் ஆணையிட்டது. ஆனால் நாளைக்கு இரண்டு வேளை, மாற்றி மாற்றி, இரண்டையும் உண்மையாக எழுதுவதற்கு வேறு ஆள் முன்வராததால் அந்த ஆணை அப்படியே கிடந்தது. இரண்டாம் கண் ஓய்வுபெறும் வரை ஒரு நாளைக்கு ஒன்பது தாள்களுக்கு மேல் கையெழுத்திடவில்லை, ஒன்பதையும் பார்த்தார்.

தொகை வழியில் இன்னும் மூன்று வங்கிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. அவை ஒவ்வொன்றிலும் ஒரு சல்லடை இருந்தது. ஆகவே கன்ட்ரோல் போர்டு வந்து சேர்ந்தது பதினான்கு மாதம் கழித்து. மெக்கானிக் ஒரே பகலில் அதைப் பொருத்தி லிஃப்டை ஓடவிட்டார். குடியிருப்போர் சங்கம் கூடி, தேநீர் குடித்து, அவருக்கு நன்றி தெரிவித்தது. பட்டியல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது ஐந்தாம் ஆண்டில். தவறாக ஏறிய தகவல்களை நீக்க இசைவதாகவும், இணைத்துள்ள படிவத்தில் மெக்கானிக் கையெழுத்திட்டால் போதும் என்றும் அது கூறியது. சல்லடை மேசைப் பெண்ணே அதை எடுத்துக்கொண்டு வந்து, லிஃப்டில் ஏறி, மேசைமேல் வைத்தார். அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படிவத்தில் வீடு எட்டாம் மாடி என்றிருந்தது. மெக்கானிக்கின் வயது பதினொன்று குறைந்திருந்தது. தொழில் என்ற இடத்தில் 'கப்பல்' என்று போட்டிருந்தது. மூன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் குறி இட்டு, திருத்தி அனுப்பும்படி எழுதி, அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு பிழையோட எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார்.

"திருத்தி வர இன்னும் அஞ்சு வருஷம் ஆகும், அக்கா."

"ஆகட்டும். அவசரம் யாருக்கு?"

மெக்கானிக் கூரையோரத்தில் இருந்த விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருத்திய படிவம் இன்னும் வரவில்லை. லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது. ஆறு பேர் ஏறலாம், மாதம் ஒருமுறை எண்ணெய் இட்டால் போதும். அந்த அம்மாள் மட்டும் அதில் ஏறுவதில்லை, உள்ளே காற்று வராது என்கிறார். நேற்றும் பத்து மணிக்கு இருவரும் இறங்கினார்கள், நான்கு மணிக்கு ஏறினார்கள். நான்காம் மாடியில் காயப்போட்டிருந்த ஒரு துண்டு கொடியிலிருந்து நழுவ இருந்தது. போகிற போக்கில் அம்மாள் அதை எடுத்து உதறிப் போட்டு, கிளிப்பை மாட்டிவிட்டு, மேலே போனார்.